சல்சா: ஒன்-1 இலிருந்து ஒன்-2 க்கு மாறுறது எப்பிடி?

கலிங்கடி (கிளிநொச்சி)

வணக்கம் எல்லாருக்கும். நாங்கள் ஒரு சின்னக் குழு, சல்சா எண்ட சோடி ஆட்டத்தை ஒன்-1 இல ஆடுறம், அதாவது எட்டு எண்ணிக்கையில திசை மாறுற அடி 1 இலயும் 5 இலயும் விழும். 1 இல இடக்கால் முன்னுக்கு, 5 இல வலக்கால் பின்னுக்கு, 4 உம் 8 உம் ஓய்வு. குறொஸ் பொடி லீட் (ஒருத்தர் விலகி வழி விட மற்றவர் குறுக்கால கடக்கிறது), வலச்சுற்று, இடச்சுற்று மூண்டும் தடங்கலில்லாமல் வருது. இனி நியூயோர்க் ஒன்-2 பழக விருப்பம். வீடியோக்களைப் பாத்தா ஒருத்தர் 1-2-3 எண்டு கால் வைக்கிறார், இன்னொருத்தர் 2-3-4 எண்டு வைக்கிறார். ரெண்டுக்கும் ஒன்-2 எண்டுதான் பேர் போட்டிருக்கு.

எது சரி? எந்த ஒழுங்கில பழகோணும்? கொங்கா எண்ட கைப்பறையைக் கேட்டு ஆடு எண்டு எல்லாரும் சொல்லினம், கொங்காவில எதைக் கேக்கிறது? ஆடுற இடம் பொதுநோக்கு மண்டபம், சிமெந்து நிலம். வகுப்பு எடுக்க ஆக்கள் இந்தப் பக்கம் இல்லை, ஆனபடியா எழுத்தில விளங்கப்படுத்தினால் பெரிய உதவி.

மடுக்கரை

தம்பி, ரெண்டும் ஒன்-2 தான். திசை மாறுற அடி, அதாவது பிரேக், 2 இலயும் 6 இலயும் விழுந்தால் அதுக்கு ஒன்-2 எண்டு பேர். மற்ற அடியள் எங்க விழுது எண்டதில ரெண்டு வழி இருக்கு. நீங்கள் கேக்கிற நியூயோர்க் வழியில கால் 1-2-3, 5-6-7 இல விழும். 4 உம் 8 உம் ஓய்வு, ஒன்-1 இல இருக்கிற மாதிரியே. டிட்டோ புவெந்தேயின்ர இசைக்குழுவோட மேடையேறின எடி டோரஸ் எண்ணிக்கை போட்டுக் குடுத்துப் பரப்பினது இந்த வழியைத்தான்.

லீடர், அதாவது ஆட்டத்தை நடத்துறவரின்ர எண்ணிக்கை இது. ஒவ்வொண்டையும் எழும்பி நிண்டு காலால செய்து பாத்து வாசியுங்கோ.

1: இடக்கால் கொஞ்சம் பின்னுக்கு, வலக்காலுக்குப் பக்கத்தில. அரைப் பாத அளவு போதும்.
2: வலக்கால் பின்னுக்கு. இதுதான் பிரேக்.
3: இடக்கால் நிண்ட இடத்திலயே, பாரம் அதில திரும்புது.
4: ஓய்வு.
5: வலக்கால் கொஞ்சம் முன்னுக்கு, இடக்காலுக்குப் பக்கத்தில.
6: இடக்கால் முன்னுக்கு. மற்றப் பிரேக்.
7: வலக்கால் நிண்ட இடத்திலயே.
8: ஓய்வு.

ஃபொலோவருக்கு, அதாவது லீடருக்கு இசைஞ்சு ஆடுற சோடிக்கு, இதின்ர கண்ணாடி. 1 வலக்கால் சின்னனா முன்னுக்கு, 2 இடக்கால் முன்னுக்குப் பிரேக், 3 வலக்கால் இருந்த இடம், 5 இடக்கால் சின்னனாப் பின்னுக்கு, 6 வலக்கால் பின்னுக்குப் பிரேக், 7 இடக்கால் இருந்த இடம்.

இப்ப முக்கியமான இடம். ஒன்-1 ஐ ஒரு பீற் தள்ளி ஆடினா ஒன்-2 வந்திடும் எண்டு கனபேர் நினைக்கினம். வராது. ஒன்-1 இல காலின்ர ஒழுங்கு: பிரேக், திரும்பு, சேர், ஓய்வு. நியூயோர்க் ஒன்-2 இல: பிரேக், திரும்பு, ஓய்வு, சேர். காலின்ர பாதை ஒண்டுதான், ஓய்வுதான் இடம் மாறியிருக்கு. உங்கட கால் 6-7 முடிஞ்ச கையோட 8 இல ஓடிப்போய்ச் சேரப் பாக்கும், ஏனெண்டா ஒன்-1 இல மூண்டாவது அடி அதுதான். 8 இல சேத்தீங்களோ, அடுத்த வரியில நீங்கள் வேற ஆட்டத்துக்குள்ள நிப்பீங்கள். 7 இல வலக்காலில பாரத்தை வைச்சு, இடக்காலை முன்னுக்கு நீட்டினபடியே 8 முழுக்க விடுங்கோ. 1 கேட்ட பிறகுதான் இழுக்கிறது.

இந்த ஒரு இடத்தை மட்டும் எடுத்து, 6, 7, நில், 1 எண்டு திருப்பித் திருப்பிச் செய்யுங்கோ. மற்ற அரைவாசியும் இதே பிரச்சினைதான்: 2, 3, நில், 5.

பரந்தன்சந்தி

எனக்கு இதில மாற்றுக் கருத்து. ஒன்-1 ஆடிப் பழகின ஆளுக்கு 2-3-4, 6-7-8 தான் லேசு. காலின்ர ஒழுங்கு மாறாது, எல்லாம் ஒரு பீற் பிந்துது, அவ்வளவுதான். 1 உம் 5 உம் ஓய்வு. கியூபாவில சோன் எண்ட ஆட்டம் ஆடுறது, போல்றூம் முறையில மம்போ எண்ட ஆட்டம் ஆடுறது எல்லாம் இந்த நேரத்திலதான். காதால 2 ஐப் பிடிக்கப் பழகிறதுக்கு இதில தொடங்கி, பிறகு மற்றதுக்குப் போகலாமே?

மடுக்கரை

அண்ணை, தனிய நிண்டு பழகிற ஆளுக்கு நீங்கள் சொல்லுறது நல்லது. 1 இல காலை அசைக்காமல் நிக்கப் பழகினால் 2 தெளிவாக் கேக்கும், அதை மறுக்கேல்லை. சோடியா ஆடேக்க ரெண்டு சிக்கல் வரும்.

ஒண்டு, நியூயோர்க் முறையில ஆடுறவர் 1 இல கால் வைக்கேக்க நீங்கள் நிப்பீங்கள், அவர் 4 இல நிக்கேக்க நீங்கள் அசைவீங்கள். கை ஒவ்வொரு நாலு எண்ணிக்கையிலயும் ரெண்டு தரம் இழுபடும்.

மற்றது திசை. போல்றூம் முறையில லீடர் 2 இல இடக்காலை முன்னுக்கு வைப்பார். நியூயோர்க் முறையில ஃபொலோவர் 2 இல முன்னுக்கு வருவா. ரெண்டு பேரும் முன்னுக்கு வந்தா முழங்கால் முட்டும். கேட்டவர் நியூயோர்க் வழிதான் வேணும் எண்டு எழுதியிருக்கிறார், அதால முதலே சரியான பாதையைக் காலுக்குப் பதிய வைக்கிறது நல்லது. ஒன்-1 ஐ மறக்கவைக்கிற வேலை ஒண்டு ஏற்கெனவே இருக்கு, அதோட இன்னொண்டையும் ஏன் சேர்ப்பான்?

தோல்வார்

கொங்காவைப் பற்றி நான் எழுதுறன். இங்க பறையும் மிருதங்கமும் கேட்டு வளந்த காதுக்கு இது கெதியா வரும், என்னத்தைக் கேக்கிறது எண்டு தெரிஞ்சால் சரி.

கொங்காவின்ர அடிப்படை வாசிப்புக்கு டும்பாவோ எண்டு பேர். நாலு பீற்றை எட்டு அரைப் பீற்றாப் பிரிச்சுச் சொல்லிப் பாருங்கோ:

கு கு தக் கு கு கு தும் தும்

"கு" எல்லாம் உள்ளங்கையும் விரல்நுனியும் தோலைத் தொடுற மெல்லிய சத்தம், ஒலிப்பதிவில கேக்கவே கேக்காது. மூண்டாவதா வாற "தக்" தோலை அறைஞ்சு வெட்டுற வறண்ட சத்தம், அது 2 இல விழும். கடைசி ரெண்டு "தும் தும்" திறந்த நாதம், 4 இலயும் அதுக்கு அடுத்த அரையிலயும் விழும். பாட்டில முதல் காதில ஏறுறது இந்தத் "தும் தும்" தான். அதுக்கு அடுத்த பீற் 1, அதுக்கு அடுத்தது "தக்", அதில பிரேக். ஆனபடியா "தக்"கைத் தேடி அந்தரப்படாமல், "தும் தும்" கேட்டவுடன காலை ஆயத்தப்படுத்துங்கோ. 1 இல சின்ன அடி, "தக்"கில பெரிய அடி.

இதில ஒரு பொறி இருக்கு. இந்த வாசிப்பு நாலு பீற்றுக்கு ஒருக்காத் திரும்பும். "தக்" 2 இலயும் விழும், 6 இலயும் விழும். கொங்காவை மட்டும் கேட்டு எது 2, எது 6 எண்டு பிடிக்க ஏலாது. அதுக்குப் பாட்டின்ர வரி வேணும்: புதுப் பகுதி, பாடகர் எடுக்கிற இடம், பித்தளை வாத்தியங்கள் உள்ள வாற இடம் பெரும்பாலும் எட்டின்ர தலையில தொடங்கும். 2 ஐயும் 6 ஐயும் மாத்தி ஆடினாலும் "தக்"கோட ஒத்துப்போகும், ஆனா பாட்டின்ர வசனத்துக்குக் குறுக்கால போவீங்கள்.

கிளாவே, அதாவது ரெண்டு தடியைத் தட்டி வாசிக்கிற ஐஞ்சு அடித் தாளம், தெரிஞ்சால் இன்னும் சந்தோசம். 2-3 கிளாவேயில அடி 2, 3, 5, ஆறரை, 8 இல விழும். 3-2 இல 1, ரெண்டரை, 4, 6, 7 இல விழும். பாருங்கோ, 2-3 பாட்டில ரெட்டை அடி விழுறது 2 இலயும் 3 இலயும், உங்கட பிரேக்கும் திரும்புற அடியும். 3-2 பாட்டில அதே ரெட்டை அடி 6 இலயும் 7 இலயும், மற்றப் பிரேக்கும் அதின்ர திரும்பலும். எந்தப் பக்கம் திருப்பி வாசிச்சாலும் ஒன்-2 காலுக்குக் கிளாவேயில ஒரு சோடி இருக்கு. இந்த ஆட்டத்தைத் தாளக்காரர் விரும்புறதுக்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

பேஸ் கித்தாரில 1 ஐத் தேடாதேங்கோ. அது ரெண்டரையிலயும் 4 இலயும் விழும், 4 இல விழுந்த நாதம் 1 ஐ மூடிக்கொண்டு போகும். ஒன்-1 காரர் பேஸைப் பிடிச்சுக்கொண்டு ஆடேக்க 4 ஐ 1 எண்டு எடுக்கிறது இதாலதான். இடம் பிசகினால் பாட்டின்ர பிற்பகுதி வரைக்கும் பொறுங்கோ. கோரஸ் தொடங்க பெல், அதாவது தடியால தட்டுற மணி, வரும், அது 1, 3, 5, 7 இல உரத்து விழும்.

நட்டுவாங்கம் (முல்லைத்தீவு)

பரதம் பழகிய பிள்ளைகள் உங்கள் குழுவில் இருந்தால் ஆதி தாளத்தைக் கையில் போடச் சொல்லுங்கள். எண்ணிக்கையை வாயால் சொல்வதைவிட இது உறுதியானது. சல்சாவின் எட்டும் ஆதி தாளத்தின் எட்டும் கையில் இப்படி உட்காரும்: 1 தட்டு, 2 சுண்டுவிரல், 3 மோதிரவிரல், 4 நடுவிரல், 5 தட்டு, 6 வீச்சு, 7 தட்டு, 8 வீச்சு. அதாவது சுண்டுவிரலிலும் முதல் வீச்சிலும் பிரேக். நடுவிரலிலும் கடைசி வீச்சிலும் ஓய்வு. தாளம் போட்டபடி முதலில் நின்ற இடத்தில் பாரத்தை மட்டும் மாற்றுங்கள், பிறகு கால் வையுங்கள்.

பரதக்காரருக்கு இரண்டு இடத்தில் தடுக்கும். தாளத்தின் முதல் தட்டான சமத்தில் ஓங்கித் தட்டுவது அவர்கள் உடம்பில் ஊறியது, ஆகவே 1 இல் பாரம் முழுவதையும் இறக்கிவிடுவார்கள். 1 இல் கால் பதிய வேண்டும், சத்தம் வரக்கூடாது. சமம் தாண்டி எடுப்பு, அதாவது பாட்டின் தொடக்கம், வருகிற உருப்படிகளை ஆடியவர்களிடம் "இதன் எடுப்பு இரண்டில்" என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். அடுத்தது முழங்கால். தட்டடவில் முழுப் பாதமும் ஒரே நேரத்தில் தட்டும், அரைமண்டி, அதாவது முழங்கால் மடித்த நிலை, விலகாது. சல்சாவில் பாதத்தின் முன்பக்கம் முதலில் தொடும், முழங்கால் மடிந்தபடி வந்து, பாரம் ஏறும்போது நிமிரும். அந்த நிமிர்வில்தான் இடுப்பு அசைகிறது. இடுப்பைத் தனியாக ஆட்டச் சொல்லிக் கொடுக்காதீர்கள், முதுகு வலி வரும்.

பைலா ஆடிப் பழகிய பிள்ளைகளுக்கு வேறு சிக்கல். பைலா 6/8 நடை. அந்தக் கால் 1-2-3 ஐ முடித்த உடனே ஓய்வில்லாமல் அடுத்த மூன்றுக்குப் போய்விடும். அவர்களுக்கு 4 இலும் 8 இலும் கையைத் தட்டச் சொல்லுங்கள். கை தட்டுகிற நேரம் கால் நிற்கும்.

கலிங்கடி (கிளிநொச்சி)

அக்கா, அண்ணை, எல்லாருக்கும் நன்றி. ஆதி தாளம் போட்டுப் பாக்க எல்லாருக்கும் 2 பிடிபட்டிட்டுது. தனியா நிண்டால் சரி. சோடி சேந்தால் ரெண்டு பிழை வருது. பிரேக் 2 இல விழாமல் கொஞ்சம் பிந்தி விழுது, பாட்டுக் கெதியானால் இன்னும் பிந்துது. குறொஸ் பொடி லீட்டில ஃபொலோவர் லீடரின்ர நெஞ்சில வந்து மோதுறா. ஒன்-1 இல இப்பிடி மோதினதில்லை.

மடுக்கரை

முதலாவதுக்குக் காரணம் 1 இல அடி பெரிசு. 1 இல ஒரு முழுப் பாத தூரம் போனால், அங்கயிருந்து பாரத்தை எடுத்து 2 க்குக் கொண்டுபோக நேரம் இல்லை. நிமிசத்துக்கு 160 பீற் பாட்டில எட்டு எண்ணி முடிக்க 3 செக்கன். 200 பீற் எண்டா 2.4 செக்கன், ஒரு அடிக்கு 0.3 செக்கன்தான். 1 உம் 5 உம் அரைப் பாதம், 2 உம் 6 உம் ஒரு பாதம், அதுக்கு மேல வேண்டாம். பிரேக்கில குதியை நிலத்தில முழுசா இறக்கி உக்காரவும் வேண்டாம். பின்னுக்குப் போற காலில பாரத்தின்ர அரைவாசிதான் போகோணும், தலை ரெண்டு காலுக்கும் நடுவில நிக்கோணும். தலை பின்னுக்குச் சாய்ஞ்சால் 3 பிந்தும், 3 பிந்தினால் ஓய்வு இல்லாமல் போகும்.

நிலத்தில சோக்கால ரெண்டு கோடு கீறி, நடுவில இருந்து ஒரு பாத தூரத்தில முன்னும் பின்னும் வைச்சால் அடி நீளுறது உடன தெரியும்.

ரெண்டாவது, நேரம் மாறினதை லீடர் கவனிக்கேல்லை. ஒன்-1 இல ஃபொலோவர் குறுக்கால போறது 5-6-7 இல. லீடர் 3 இல வழியை விட்டால் போதும், 4 இல ஒரு ஓய்வும் இருக்கு. ஒன்-2 இல ஃபொலோவர் போறது 1-2-3 இல. 6 இல பின்னுக்குப் பிரேக், 7 இல திரும்புறா, 8 ஓய்வு, 1 இல வலக்காலை முன்னுக்கு வைச்சு நடக்கத் தொடங்கிடுவா. 7 முடியேக்க லீடரின்ர நெஞ்சு இடப்பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கோணும், 1 இல இடக்கால் கோட்டை விட்டு வெளிய வைக்கோணும். நீங்கள் 2 இல வழி விடுறீங்கள் எண்டு நினைக்கிறன். அப்ப அவ ஏற்கெனவே ஒரு அடி வந்திட்டா.

திருப்பங்களும் இதே மாதிரி. ஃபொலோவரின்ர வலச்சுற்று ஒன்-1 இல 5-6-7, இங்க 1-2-3. கையை 7 இல எடுக்கத் தொடங்கி 8 இல தலைக்கு மேல கொண்டு போயிருக்கோணும். 1 இல கை உயர்த்தினால் அவவுக்குச் சுத்த ரெண்டு அடிதான் மிச்சம். லீடரின்ர வலச்சுற்று 6 இல இடக்கால் முன்னுக்கு வைச்சு, அதில வலப்பக்கம் திரும்பி 7 இல வலக்கால். அது ஒன்-1 இல 1-2 இல செய்தது தான், உங்கட காலுக்குத் தெரியும்.

தொடங்கிற இடத்தையும் மாத்திப் பாருங்கோ. 1 இல தொடங்காமல் 5 வரைக்கும் வலக்காலில பாரத்தோட நிண்டு, 6 இல இடக்காலை முன்னுக்கு வைச்சுத் தொடங்குங்கோ. ஒன்-1 இன்ர முதல் அடியும் அதே இடக்கால் முன்னுக்குத்தான், அதால ரெண்டு பேருக்கும் பதற்றம் இல்லை.

பனிச்சங்குளம்

நிலத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. ஒன்-2 இல 1 இலயும் 5 இலயும் சின்ன அடி, அதில பாதம் நிலத்தில வழுக்கிக்கொண்டு போகோணும். றப்பர் அடி உள்ள சப்பாத்து சிமெந்தில ஒட்டும், சுத்தேக்க பாதம் நிண்டு முழங்கால் மட்டும் திரும்பும். அதுதான் முழங்காலைக் கெடுக்கிறது.

மினுக்கின சிமெந்து, இல்லாட்டித் தரை ஓடு எண்டால் சப்பாத்துத் தைக்கிறவரிட்டக் குடுத்து மெல்லிய தோலைச் சொரசொரப்புப் பக்கம் வெளிய இருக்க ஒட்டுவியுங்கோ, முன்பாதத்துக்கு மட்டும் போதும். கரடான சிமெந்தில அது கெதியாத் தேயும், அங்க அடி தேஞ்ச பழைய கன்வஸ் சப்பாத்து நல்லது. வெறுங்காலோட சுத்த வேண்டாம், முன்பாதத்தில கொப்பளம் போடும். பவுடர் தூவுறதும் கூடாது, ஒரு இடம் ஒட்டி ஒரு இடம் வழுக்கும்.

சோளகம் வீசிற மாதங்களில யன்னலைச் சாத்தினாலும் கிரவல் தூசு உள்ள வரும். கூட்டினால் மட்டும் போகாது, ஈரத்துணியால துடைச்சுக் காயவிட்டு ஆடுங்கோ. சிமெந்துக்கு மரத்தளம் மாதிரி விட்டுக்குடுக்கத் தெரியாது. தொடர்ந்து முக்கால் மணித்தியாலத்துக்கு மேல ஆடினால் முன்னங்கால் எலும்பு நோகத் தொடங்கும். நொந்தால் அண்டைக்கு நிப்பாட்டி, காதால கேக்கிற பயிற்சிக்குப் போங்கோ.

தோல்வார்

வீடியோ பாத்துப் பழகிற ஆக்களுக்கு ஒரு விசயம். புளூடூத் ஸ்பீக்கரில சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். சில போனும் செயலியும் படத்தையும் அதுக்கேற்பப் பிந்தி விடும், சிலது விடாது. விடாட்டி, ஆடுறவரின்ர கால் "தக்"குக்கு முன்னமே விழுற மாதிரித் தெரியும், நீங்களும் முந்தி வைக்கப் பழகிடுவீங்கள். படம் பாத்துப் படிக்கேக்க வயர் போட்ட ஸ்பீக்கர், இல்லாட்டிப் போனின்ர சொந்தச் சத்தம். பாட்டு மட்டும் போட்டு ஆடேக்க புளூடூத் பரவாயில்லை.

மெதுவான பாட்டு கிடைக்காட்டி வேகத்தை 0.75 இல வையுங்கோ. 200 பீற் பாட்டு 150 ஆகும், கொங்காவின்ர "தக்" அப்பவும் தெளிவாக் கேக்கும். 0.5 இல வேண்டாம், நாதம் இழுபட்டு அடி எங்க தொடங்குது எண்டு தெரியாது.

பரந்தன்சந்தி

மடுக்கரை சொன்ன திசைக் கணக்கை மேசையில ரெண்டு விரலால ஆடிப் பாத்தன், முழங்கால் முட்டுற இடம் சரிதான். ஏற்றுக்கொள்ளுறன், இவையளுக்கு நேரா 1-2-3 தான்.

இன்னொரு கேள்வி. ஒன்-1 மட்டும் தெரிஞ்ச ஆளோட ஆடவேண்டி வந்தால்? கொழும்பிலயிருந்தோ கனடாவிலயிருந்தோ வாறவை ஒன்-1 ஆடுறவையாவும் இருப்பினம். ரெண்டையும் வைச்சிருக்க ஏலுமோ, இல்லாட்டி ஒண்டு மற்றதைக் குழப்புமோ?

நட்டுவாங்கம் (முல்லைத்தீவு)

வைத்திருக்கலாம், ஆனால் ஒன்-2 நிலைக்கும் வரை ஒரே நாளில் இரண்டையும் ஆட வேண்டாம். நிலைத்தது என்பதற்கு அடையாளம்: பாட்டை இடையில் நிறுத்தி, வேறு இடத்தில் மீண்டும் போட்டால், எண்ணாமல் இரண்டு வரிக்குள் கால் 2 இல் போய் விழ வேண்டும். சோடியோடு பேசிக்கொண்டு ஆடும்போதும் விலகக்கூடாது. பேச்சு வந்ததும் ஒன்-1 க்குத் திரும்பினால் இன்னும் நாள் வேண்டும்.

ஆடத் தொடங்குமுன் வாயால் கேட்டுவிடுங்கள், "ஒன்றிலா, இரண்டிலா?" என்று. கேட்பதில் குறைவு எதுவும் இல்லை. நடுவில் மாற வேண்டி வந்தால் 8 இல் இருவரும் நின்று, ஒரு முழு எட்டையும் பாரம் மாற்றி மட்டும் கடந்து, பிறகு தொடங்குங்கள். லீடர் தன் நேரத்தை ஃபொலோவர்மேல் இழுத்துத் திணித்தால் தோள்மூட்டு நோகும், அதைச் செய்யவே வேண்டாம்.

பெண் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து ஒருவர் மாறி ஒருவர் லீடராக ஆடிப் பழகுவதையும் ஊக்கப்படுத்துங்கள். வீட்டில் கேள்வி இல்லாமல் பழக முடியும் என்பது ஒன்று. லீடர் எண்ணிக்கையும் தெரிந்த ஃபொலோவர் 7 இல் கை உயரும்போதே என்ன வருகிறது என்று அறிவார், முந்திச் சுற்றாமல் காத்திருக்கவும் தெரியும்.

கலிங்கடி (கிளிநொச்சி)

விளங்குது அக்கா. அப்ப இனி வாற பயிற்சியளை இப்பிடி ஒழுங்குபடுத்துறம்: முதல் பத்து நிமிசம் கால் வைக்காமல் தாளமும் "தும் தும் - 1 - தக்"கும். பிறகு 6, 7, நில், 1 மட்டும். பிறகு முழு அடிப்படை 150 பீற்றில. சோடி கடைசி இருபது நிமிசம், குறொஸ் பொடி லீட் மட்டும், சுற்று இல்லை. ஏதும் கூடக்குறைய இருந்தால் சொல்லுங்கோ.

மடுக்கரை

நல்லா இருக்கு. ஒண்டு மட்டும் சேருங்கோ. முழு அடிப்படை ஆடேக்க ஒரு ஆளை வெளிய நிப்பாட்டி, மற்றவையின்ர கால்களைப் பாத்து 8 இல ஆர் சேக்கினம் எண்டு சொல்லச் சொல்லுங்கோ. ஆடுறவருக்கு அது தெரியாது, பாக்கிறவருக்கு உடன தெரியும். சோடிக்குப் போறதுக்கு முன்னம் ஒருத்தருக்கும் 8 இல கால் சேரக்கூடாது.